அளந்த பிறகு பெயர்: திருகோணமலைப் பாடசாலைகளில் புவியியல் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தரம் 10இல் புவியியல் தெரிவுப் பாடமாகிவிடுகிறது. நிறையப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில்தான் அதைக் கைவிடுகிறார்கள். "எல்லாத்தையும் பாடமாக்க வேணும் சேர்" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

அந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. அகலக்கோடு, சமவுயரக்கோடு, பருவப் பெயர்ச்சி என்று பெயரை முதலில் கரும்பலகையில் எழுதுகிறோம். வரைவிலக்கணத்தைக் கொப்பியில் எழுத வைக்கிறோம். உதாரணம் தேடும்போது மணி அடித்துவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றிப் போடுகிறது. பிள்ளை முதலில் ஒன்றை அளக்கட்டும், அதில் ஒரு கேள்வி எழட்டும். பாடநூலில் உள்ள பெயரை அதற்குப் பிறகு கொடுங்கள்.

திருகோணமலையில் கற்பிக்கும் எங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆழமான இயற்கைத் துறைமுகம், கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் சுவாமிமலை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலி, வருடத்தில் இரண்டு முறை திசை மாறும் காற்று எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கின்றன.

தொடங்குமுன்

தேவையானவை எல்லாம் வீட்டில் இருப்பவைதான்: மீற்றர் கோல், நூல், சப்பாத்துப் பெட்டி, ஈர்க்கு, வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல், களிமண், வரைபுத்தாள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் அளப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று வேலையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். வேலை இல்லாத பிள்ளைதான் குழப்படி செய்யும். வெளியே போகும் பாடங்களுக்கு இரண்டு பாடவேளைகள் அடுத்தடுத்து வேண்டும். தவணைத் தொடக்கத்திலேயே அதிபரிடமும் நேரசூசி தயாரிப்பவரிடமும் பேசிவிடுங்கள்.

ஒரு கோலின் நிழலில் அகலக்கோடு

எல்லாவற்றிலும் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய பாடம் இது. அகலக்கோடு, நெடுங்கோடு, நியம நேரம், பருவகாலம், பூமியின் சாய்வு ஆகிய ஐந்தும் இந்த ஒரே கோலில் தொங்குகின்றன.

நாள் முக்கியம். சூரியன் மத்திய கோட்டுக்கு நேர் மேலே வரும் மார்ச் 21, செப்டெம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டிச் செய்யுங்கள். ஒன்றிரண்டு நாள் முன்பின் போனாலும் பரவாயில்லை.

1. சமதரையான சீமெந்துத் தரையைத் தெரிவு செய்து வெள்ளைக் காகிதம் விரியுங்கள். மீற்றர் கோலை மணல் நிரப்பிய சிறு பேணியில் நட்டால் (அகன்ற வாளி என்றால் நிழல் அதற்குள்ளேயே விழுந்துவிடும்), தரையிலிருந்து அதன் நுனிவரை சரியாக 1 மீற்றர் இருக்க வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் கோல் செங்குத்தா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள்.

2. கோலின் நுனியில் சிறு துளையிட்ட மட்டை ஒன்றை ஒட்டுங்கள். நிழலின் நுனி எப்போதும் மங்கலாகவே விழும். எங்கே முடிகிறது என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். துளை வழியாக விழும் ஒளிப்பொட்டின் நடுவைக் குறித்தால் அந்தச் சண்டை இல்லை. துளை சரியாக 1 மீற்றர் உயரத்தில் இருப்பதையும் கோலின் அடிக்கு நேர் மேலே இருப்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

3. 11.40 தொடக்கம் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பொட்டைக் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். குறிக்கும் குழு மாத்திரம் வெயிலில் நிற்கட்டும், மற்றவர்கள் மர நிழலில் இருக்கட்டும். சூரியனை நேரே பார்க்க வேண்டாம் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

4. எல்லாப் புள்ளிகளிலும் எது கோலின் அடிக்கு மிகக் கிட்ட இருக்கிறது என்று அளக்க வையுங்கள். அந்தப் புள்ளியையும் கோலின் அடியையும் இணைக்கும் கோடுதான் உண்மையான வடக்கு-தெற்கு. பாடசாலை முற்றத்தில் அதை நிரந்தரமாகப் பெயின்றால் வரைந்துவிடுங்கள், பிறகு பல பாடங்களுக்கு உதவும்.

5. மிகக் குறுகிய நிழல் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் வரும். வரைபுத்தாளில் 10 செ.மீ. உயரமும் 1.5 செ.மீ. அடியும் உள்ள செங்கோண முக்கோணத்தை வரைந்து, உச்சிக் கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். எட்டரைப் பாகை அளவில் வரும்.

இப்போது தேசப்படப் புத்தகத்தைத் திறந்து திருகோணமலையைத் தேடச் சொல்லுங்கள். அங்கேயும் அதே எட்டரை இருக்கும். "அகலக்கோடு" என்ற சொல்லை எழுதுவதற்கு உரிய கணம் அதுதான்.

குழுக்களின் விடைகள் ஒத்து வராது. அதை மறைக்காமல் பலகையில் வரிசையாக எழுதுங்கள். ஒரு பாகை அகலக்கோடு ஏறக்குறைய 111 கிலோமீற்றர். நிழலில் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் இடம் அறுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அந்தக் குழு தான் நிற்பதாகக் கணித்த இடம் கடலிலா, காட்டிலா என்று தேசப்படத்தில் தேடட்டும். துல்லியம் ஏன் தேவை என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிராது.

அடுத்த கேள்வி பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்தே வரும்: குறுகிய நிழல் ஏன் 12 மணிக்கு விழவில்லை? மார்ச் 21இல் அது 12.12 அளவிலும் செப்டெம்பர் 23இல் 11.57 அளவிலும் விழுகிறது. இலங்கையின் நியம நேரம் 82½° கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, நாங்கள் இருப்பதோ 81¼° அருகில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் எங்கள் உச்சிவேளை 5 நிமிடம் பிந்துகிறது. மீதி வித்தியாசம் பூமியின் சாய்வாலும் அதன் நீள்வட்டப் பாதையாலும் வருவது. தரம் 8க்கு அந்த 5 நிமிடம் போதும், மீதியை உயர்தர மாணவர்களுக்கு வையுங்கள்.

இதோடு விட்டுவிடாதீர்கள். அதே கோலை ஜூன் 21 அளவில் மீண்டும் நடுங்கள். நிழல் 26, 27 செ.மீ. இருக்கும், ஆனால் தெற்கு நோக்கி விழும். மதிய வெயில் வடக்கிலிருந்து வருவதைப் பிள்ளைகள் தினமும் அனுபவித்திருந்தும் கவனித்திருக்க மாட்டார்கள். நவம்பர் கடைசியில் மழை விட்ட ஒரு நாளில் அளந்தால் நிழல் வடக்கே 55 செ.மீ. தாண்டி நீளும். மூன்று கோடுகளையும் ஒரே காகிதத்தில் மூன்று நிறத்தில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். கடகக்கோடு, மகரக்கோடு பாடம் அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் 12, ஓகஸ்ட் 31 அளவில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை என்பதால் வீட்டு ஒப்படையாகக் கொடுங்கள். 12.06 அளவில் முற்றத்தில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழல் இருக்காது. யாழ்ப்பாணத்திலோ அம்பாந்தோட்டையிலோ சொந்தக்காரர் இருக்கும் பிள்ளைகள் அதே நேரத்தில் தொலைபேசியில் கேட்கட்டும். யாழ்ப்பாணத்தில் 1 மீற்றர் கோலுக்கு 2 செ.மீ. அளவில் வடக்கே நிழல் விழும், அம்பாந்தோட்டையில் 4 செ.மீ. அளவில் தெற்கே விழும். திருகோணமலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் வடக்கு-தெற்கு இடைவெளி ஏறக்குறைய 270 கிலோமீற்றர், கோண வித்தியாசம் ஏறக்குறைய 2½ பாகை. இந்த இரண்டு எண்ணையும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தெனிஸ் செய்ததும் இதே கணக்குத்தான். பிள்ளையின் விடை 40,000 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் தள்ளி வரும், ஆனால் ஒரு கம்பத்தை வைத்து அது பூமியை அளந்திருக்கும்.

சப்பாத்துப் பெட்டிக்குள் துறைமுகம்

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோடு பிள்ளைகளுக்குக் கஷ்டமான பகுதி. காரணம், மலையைக் கண்ணால் பார்க்கும்போது அதில் கோடு எதுவும் தெரிவதில்லை. ஆகவே கண்ணால் பார்க்க முடியாத இடத்திலிருந்து, அதாவது கடலடியிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் நாளே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெட்டி நீங்களே தயாரித்து வையுங்கள். சப்பாத்துப் பெட்டியின் அடியில் களிமண்ணை ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் பரப்பி, கரையிலிருந்து நேரே ஆழத்துக்கு இறங்கும் ஒரு பள்ளத்தை நடுவில் விரலால் இழுத்துவிடுங்கள். மூடியில் 2 செ.மீ. இடைவெளியில் துளைகள் இட்டு, ஒரு பக்கம் அ, ஆ, இ என்றும் மறுபக்கம் 1, 2, 3 என்றும் எழுதுங்கள். மூடியை ஒட்டிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக் கூடாது.

வகுப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாகக் குறிக்கப்பட்ட ஈர்க்கு ஒன்றைக் கொடுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஈர்க்கை மெதுவாக இறக்கி, தட்டும் இடத்தில் ஆழத்தைப் படித்து, கட்டமிட்ட தாளில் அதே இடத்தில் எண்ணை எழுத வேண்டும். அழுத்தினால் களிமண்ணில் குத்திவிடும் என்பதை முதலே சொல்லுங்கள். எண்கள் நிரம்பியதும் ஒரே ஆழமுள்ள இடங்களைப் பென்சிலால் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களுக்கு நடுவே கோடு எங்கே போகும் என்று அவர்கள் வாதாடும்போது குறுக்கிடாதீர்கள். இடைக்கணிப்பு என்ற திறனை அந்த வாதாட்டத்தில்தான் கற்கிறார்கள். ஆழத்துக்கு ஏற்ப மென்னீலத்திலிருந்து கடும் நீலம் வரை நிறம் தீட்டிய பிறகு மூடியைத் திறக்கலாம். தங்கள் படத்தையும் களிமண்ணையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த நிமிடத்தில் பேசாமல் நில்லுங்கள்.

பிறகு ஊருக்கு வாருங்கள். திருகோணமலைக்கு வெளியே கடலடியில் மூவாயிரம் மீற்றருக்கும் ஆழமாக இறங்கும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பகுதி துறைமுக வாசலுக்கு மிகக் கிட்ட வருகிறது. நீங்கள் விரலால் இழுத்த பள்ளம் அதுதான். பெரிய கப்பல்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கும், நீலத்திமிங்கிலங்களைக் கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே காண முடிவதற்கும் ஆழ்கடல் இங்கே பக்கத்திலேயே தொடங்குவது காரணம். சோனார் கருவி வருமுன் மாலுமிகளும் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இந்த ஈர்க்கு முறையில்தான் ஆழம் பார்த்தார்கள்.

அடுத்த பாடவேளையில் மலைக்கு ஏறுங்கள். பேசினுக்குள் கரடுமுரடான ஒரு கல்லை வைத்து, ஒவ்வொரு சென்ரிமீற்றராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் நீர்மட்டத்தைச் சோக்கால் குறித்து, மேலிருந்து பார்த்து வரைய வேண்டும். சுவாமிமலை போல ஒரு பக்கம் செங்குத்தான கல்லைத் தேடி எடுங்கள். செங்குத்துப் பக்கம் கோடுகள் நெருங்கியும் சாய்வான பக்கம் விலகியும் இருப்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். பிறகு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தை விரித்து அதே நெருக்கத்தைத் தேடச் செய்யுங்கள்.

அளவுத்திட்டத்துக்குக் கிண்ணியாப் பாலம் போதும். அதன் நீளம் 396 மீற்றர். 1:50,000 படத்தில் அது எத்தனை மில்லிமீற்றர்? எட்டு. நடந்து கடக்க ஐந்து நிமிடம் எடுக்கும் பாலம் அரிசிமணியளவாகச் சுருங்குவதை உணர்ந்த பிள்ளை அளவுத்திட்டக் கணக்கில் பூச்சியத்தை மாற்றிப் போடாது. அந்தப் பாலம் 2009இல் திறக்கப்படும் முன்பு நகரத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ கேட்டு வரச் சொல்லுங்கள். கிலோமீற்றருக்குப் பதிலாக நிமிடத்தை வைத்து, அன்றைக்கு ஒன்றும் இன்றைக்கு ஒன்றுமாக இரண்டு படம் வரையலாம். போக்குவரத்துப் புவியியலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

காற்றும் மழையும்

பருவப் பெயர்ச்சியை அம்புக்குறிப் படத்தில் தொடங்க வேண்டாம். திருக்கடலூரிலோ சாம்பல்தீவிலோ கடலுக்குப் போகும் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள், அல்லது பிள்ளைகள் வீட்டில் கேட்டு வரட்டும். வாடைக் காற்று எப்போது தொடங்கும், கச்சான் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எந்த மாதத்தில் தோணியை ஏற்றிவைப்பார்கள், கரைவலை எப்போது வளைப்பார்கள், மேற்குக் கரைத் தொழிலாளர் எந்த மாதங்களில் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடிப்பார்கள் என்று கேட்கலாம். விடைகளைப் பன்னிரண்டு மாத வட்டத்தில் எழுதினால் வடகீழ், தென்மேல் பருவப் பெயர்ச்சி இரண்டும் தாமாகவே பிரிந்து நிற்கும். அதே வட்டத்தில் தொழில் இடப்பெயர்வு என்ற இன்னொரு பாடமும் கிடைக்கிறது.

தென்மேல் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, உலர்ந்து வருகிறது. ஜூலை மத்தியானத்தில் முகத்தில் அடிக்கும் அந்த வெக்கையைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை, காரணத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

மழைவீழ்ச்சியை வரைபில் காட்டுவதற்குமுன் அதன் உண்மையான உயரத்தில் காட்டுங்கள். ஒரு வருடத்தில் விழும் மழை முழுவதும் ஓடாமல் தேங்கினால் எவ்வளவு உயரம் நிற்கும்? மன்னாருக்கு 1 மீற்றர், திருகோணமலைக்கு 1.6 மீற்றர், கொழும்புக்கு 2.4 மீற்றர் அளவில் நாடா வெட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள். மலைநாட்டு வட்டவளைக்கு 5 மீற்றருக்கு மேல் வேண்டும், அதை மேல்மாடி விறாந்தையிலிருந்துதான் தொங்கவிட முடியும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் நாடாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை விழும் பங்கை நீலமாக்குங்கள். மூன்றில் இரண்டு பங்கு அளவு நீலமாகிவிடும். கந்தளாய்க் குளம் போன்ற பெரிய குளங்களை ஏன் கட்டினார்கள் என்று அந்த நாடாவைக் காட்டிக் கேளுங்கள்.

மழைமானி செய்ய, நேரான பக்கங்கள் உள்ள போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகுங்கள். அடிப்பகுதி வளைந்திருப்பதால் சிறு கற்களையும் தண்ணீரையும் இட்டு, நேராகத் தொடங்கும் மட்டத்தைப் பூச்சியமாகக் குறியுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, காற்றில் விழாதபடி மண்ணில் அரைவாசி புதைத்து வையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் வாசிப்பு எடுப்பது காலை 8.30க்கு. நீங்களும் அதே நேரத்தில் எடுத்தால் செய்தியில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். 60 சதுர மீற்றர்க் கூரையில் 50 மி.மீ. விழுந்தால் 3,000 லீற்றர். இந்தக் கணக்கைச் செய்த பிள்ளைகள் பாடசாலைப் பீலிக்குக் கீழே ஏன் தாங்கி இல்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அதிபரிடம் எழுத்தில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

புயல், கடற்கோள்

2020 டிசம்பர் 2 இரவு, புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. வங்காள விரிகுடாவின் அகலக்கோடு, நெடுங்கோட்டுக் கட்டத்தைத் தரையில் சோக்கால் வரைந்து, அடுத்த புயல் வரும்போது அறிவித்தல்களில் சொல்லப்படும் புயல் மையத்தின் இடத்தை ஒவ்வொரு ஆறு மணித்தியாலத்துக்கும் கல் வைத்துக் குறித்து வரலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழமுக்க மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். வட அரைக்கோளத்தில் எங்கும் பொருந்தும் இந்த விதியைப் பிள்ளைகள் உடம்போடு ஞாபகம் வைத்திருப்பார்கள்.

2004 டிசம்பர் 26ஐ எடுப்பதென்றால் நிதானமாக எடுங்கள். வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், ஆனால் வீடுகளில் இழப்பு இருக்கிறது. காணொளி போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆழ்கடலில் அலை மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்தது, நில நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. இந்த இரண்டு எண்ணிலிருந்து தூரத்தைக் கணக்கிடட்டும். பிறகு தங்கள் வீட்டிலிருந்து உயரமான இடத்துக்கு எந்த வழி, எத்தனை நிமிடம் என்று நடந்து பார்த்து வரைபடம் கீறி வரட்டும்.

கன்னியா, புல்மோட்டை, காலைப் பாண்

கன்னியாவுக்குப் போகுமுன் "இந்தத் தண்ணீர் ஏன் சுடுகிறது?" என்று கேட்டால், "கீழே எரிமலை இருக்கு" என்பார்கள். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தை வாங்கி மேலே வருகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் அளவில் வெப்பம் ஏறும். ஏழு கிணறுகளும் ஒரே சூடு இல்லை. பொறுப்பானவர்களிடம் அனுமதி பெற்று, ஆய்வுகூட வெப்பமானியை நூலில் கட்டி இறக்கி ஏழையும் பதியச் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டுபோகாதீர்கள்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வலுவான காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி, புல்மோட்டைப் பக்கத்துக் கருமணலிலும் நிலாவெளி மணலிலும் இழுத்துப் பார்த்தால் கனிய மணல் பாடம் பத்து நிமிடத்தில் முடியும். வெள்ளைப் பெயின்றுக்கு வேண்டிய தைத்தேனியம் இந்தக் கறுப்பு மணலில் உள்ள இல்மனைற்றில் இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொருளாதாரப் புவியியலைக் காலைச் சாப்பாட்டில் தொடங்கலாம். பாண், சம்பல், பருப்பு, தேநீர், சீனி ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று உலகப்படத்தில் நூலால் இழுக்கட்டும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அது கப்பலில் வந்து இங்கேயே சீனன்குடாவில் மாவாகிறது. சப்பாத்துப் பெட்டியில் பார்த்த ஆழம் பாண் துண்டோடு சேரும் இடம் அது.

புள்ளியிடலும் பரீட்சையும்

"விளையாடிக்கொண்டிருந்தால் பாடத்திட்டம் முடியுமா?" என்ற கேள்வி ஆசிரியர் அறையிலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வரும். அதற்கு உங்கள் பதிவுப் புத்தகம் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் பிறகு கடந்தகால வினாத்தாளிலிருந்து அதோடு தொடர்புள்ள ஒரு வினாவை அதே வாரத்தில் எழுத வையுங்கள். பெட்டிக்குப் பிறகு இடவிளக்கப்பட வினா, நாடாவுக்குப் பிறகு மழைவீழ்ச்சி வரைபு, நிழலுக்குப் பிறகு நேரக் கணக்கு.

செயற்பாட்டுக்குப் புள்ளி கொடுக்கும்போது அழகான படத்துக்குக் குறைவாகவும், அளவை எப்படி எடுத்தார்கள், விடை ஏன் மற்றக் குழுவோடு வேறுபட்டது என்று எழுதும் இரண்டு மூன்று வரிகளுக்கு அதிகமாகவும் கொடுங்கள். பலவீனமாக எழுதும் பிள்ளை வாயால் விளக்கினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். முதல் தவணையில் நிழல், இரண்டாம் தவணையில் பெட்டியும் கல்லும், மூன்றாம் தவணையில் மழைமானி என்று மூன்றோடு தொடங்குங்கள். பெட்டிகளைக் களிமண் காயாதபடி பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைத்தால், அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் கடலடியை மாத்திரம் மாற்றி அமைத்தால் போதும்.